63 பருவம் பார்த்த பயிற்சியாளர்

விவசாயப் பக்கத்தில் பந்தாட்டப் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே ஊரில், ஒரே பள்ளியில், ஒரே வேலையை 63 பருவம் பார்த்த மனிதர் ஒருவர், அதை எந்த வயதில், யார் கையில் விட்டுச் சென்றார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். பட்டாவை மகன் பெயருக்கு மாற்றிவிடலாமா, இன்னும் இரண்டு வெள்ளாமை நாமே பார்க்கலாமா என்று திண்ணையில் உட்கார்ந்து யோசிக்காத பெரியவர் உண்டா?

அந்த மனிதரின் பெயர் ஜான் மெக்கிசிக். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் சம்மர்வில் என்ற ஊரில், உயர்நிலைப் பள்ளியின் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளராக 1952ஆம் ஆண்டு சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 88. அதுவரை அவருடைய குழு பெற்ற வெற்றிகள் 621. தோல்விகள் 155. சமமாக முடிந்தவை 13. அவர் ஓய்வு பெற்றபோது அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி, தொழில்முறை ஆட்டம் என எந்த மட்டத்திலும் இத்தனை வெற்றி கண்ட கால்பந்துப் பயிற்சியாளர் வேறு ஒருவரும் இல்லை.

ஒரு ஏக்கர் 10 சென்ட்

கால்பந்து என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகள் உதைத்து விளையாடும் பந்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து வேறு வகை. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூம்பி, உரிக்காத தேங்காய் போலிருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் வீசலாம். எதிர்க் குழுவினர் ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். அதனால் தலைக்கவசமும் தோளுக்கு மெத்தையும் அணிந்துதான் ஆட வேண்டும். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கெஜமாவது முன்னே கொண்டு போக வேண்டும். இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. ஆட்டத்தின் சாரம் அவ்வளவுதான். கெஜம் கெஜமாக நிலத்தைப் பிடிக்கிற ஆட்டம் எனலாம்.

திடலின் நீளம் 100 கெஜம், அகலம் 53 கெஜத்துக்குச் சற்று மேல். நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு ஏக்கர் 10 சென்ட். இரு கோடியிலும் உள்ள கூடுதல் பகுதியைச் சேர்த்தால் ஒரு ஏக்கர் 32 சென்ட் வரும்.

இந்த இடத்தில் விவசாயிகளுக்கான ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களின் விளையாட்டுத் திடல்களில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது என்ன புல் தெரியுமா? நாம் களைக்கொத்தியும் கையுமாக நின்று கிளறி எறியும் அருகம்புல்தான். அதையும் ஆப்பிரிக்காவின் மெல்லிய அருகு வகை ஒன்றையும் கலந்து, திடலுக்கு ஏற்ற ஒட்டு ரகங்களை ஜார்ஜியா மாநிலம் டிப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி உருவாக்கினார். அவற்றுள் புகழ் பெற்ற ரகம் ஒன்று 1960இல் வெளிவந்தது. இதே பர்ட்டன்தான் கம்புப் பயிரில் டிப்ட் 23ஏ என்ற ஆண் மலட்டு வழியைக் கண்டவர். அந்த வழியைத் தாயாக வைத்துத்தான் 1965இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 வெளிவந்தது. பின்னர் அடிச்சாம்பல் நோய் வந்து அந்த ரகங்களைப் படுத்தியது தனிக் கதை. அங்கே பிள்ளைகள் விழுந்து புரளும் புல்லும், இங்கே மானாவாரியில் விளைந்த ஒட்டுக் கம்பும் ஒரே மனிதரின் கைவேலை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

ஊர் வளர்ந்த கதை

சம்மர்வில், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே, பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். அந்தக் கடற்கரைச் சீமை ஒரு காலத்தில் நெல்லுக்குப் பேர் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் உழைப்பிலும் நெல் அறிவிலும் விளைந்த நெல் அது. மெக்கிசிக் வந்து சேர்ந்தபோது ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காடு வீட்டு மனையாயிற்று. ஒரு பள்ளி இருந்த இடத்தில் வேறு உயர்நிலைப் பள்ளிகளும் வந்தன. நேற்று வரை ஒரே குழுவில் ஆடியிருக்க வேண்டிய பிள்ளைகள் எதிரெதிராக நின்றார்கள். இத்தனைக்கும் நடுவில் மாறாமல் நின்றவர் அந்தப் பயிற்சியாளர். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையும் அவரிடம் பயின்ற குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட வேண்டுமென்று வந்த எந்தப் பையனையும் அவர் கழித்து அனுப்பியதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் பருவத் தொடக்கத்தில் தேர்வு வைத்து, தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்புவது சாதாரணம். இவர் அதைச் செய்யவில்லை. பயிற்சிக்கு ஒழுங்காக வந்தால் குழுவில் இடம் உண்டு. நாற்றங்காலில் நோஞ்சான் நாற்றை ஒதுக்கிவிட்டு வாளிப்பான நாற்றை நடுவது நம் பழக்கம். பயிருக்கு அதுதான் சரி. பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 14 வயதில் குச்சி போலிருப்பவன் 17 வயதில் என்ன ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி வரை ஆட்டத்தில் இறங்காமலே பள்ளிப் படிப்பை முடித்தவனும், குழுவின் சட்டையைப் போட்டவன் என்ற பெருமையோடு ஊரில் இருப்பான். நாளைக்கு அவன் மகனும் அதே திடலுக்குத்தானே வருவான்!

ஆனால் எல்லாரையும் சேர்த்துக் கொண்டார் என்று சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1952இல் தென் கரோலினாவில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்பது சட்டம். 1954இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தும், தெற்கே பல ஊர்களில் இரு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குள் முழுமையாக வந்து சேர 1970ஐ ஒட்டிய காலம் ஆகிவிட்டது. ஆகவே அவருடைய முதல் காலத்தில், 'யார் வந்தாலும்' என்ற சொல்லுக்குள் ஊரின் ஒரு பகுதிப் பிள்ளைகள் வரவே முடியவில்லை.

வாரக் கணக்கு

அங்கே பள்ளிக் கால்பந்துக்கு வெள்ளிக்கிழமை இரவுதான் நாள். ஆகஸ்டு கடைசியில் தொடங்கி, முன்னேறிப் போகும் குழுவுக்கு டிசம்பர் வரை நீளும். வெள்ளி இரவு ஆடினால், அடுத்த வாரத் தொடக்கத்தில் அந்த ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பார்கள். பிறகு அடுத்த எதிரியின் ஆட்டத்தைப் படத்தில் பார்த்து, அவனுக்கு ஏற்ற வியூகத்தைத் திடலில் நடந்து பழகுவார்கள். வியாழன் உடம்புக்கு ஓய்வாக இலேசான பயிற்சி. வெள்ளி மறுபடி ஆட்டம். மெக்கிசிக் இந்த வாரச் சுற்றை 789 ஆட்டங்கள் வரை சுற்றியிருக்கிறார்.

பருவம் தொடங்கும் ஆகஸ்டு மாதம் அந்தக் கடற்கரையில் கடும் புழுக்கம். அந்தக் காலத்து அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர், பயிற்சி நேரத்தில் தண்ணீர் கேட்பது கோழைத்தனம் என்று எண்ணினார்கள். பல பிள்ளைகள் வெப்பத் தாக்கில் மாண்ட பிறகுதான் நாடு முழுதும் அந்தப் பழக்கம் மாறியது. இன்று குறித்த நேரத்துக்குத் தண்ணீரும் நிழலும் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. வெயிலில் நாற்று நடுபவர்களும் கரும்பு வெட்டுபவர்களும் இதைக் காதில் போட்டுக் கொள்ளலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிப்பதே நல்லது.

எப்போது விடுவது?

மெக்கிசிக் பெற்ற மாநிலப் பட்டங்கள் 10. கடைசிப் பட்டம் 1998இல் கிடைத்தது. அதன் பிறகு 16 பருவங்கள் பட்டம் இல்லாமலே போயின. 2003இல் 500ஆவது வெற்றி, 2012இல் 600ஆவது வெற்றி என்று எண்ணிக்கை ஏறியது; பட்டம் மட்டும் திரும்பி வரவில்லை. 72 வயதில் பட்டத்தோடு விலகியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் எண்ணமும் ஏறக்குறைய அதுதான் என்றாலும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 16 பருவத்திலும் வந்த பிள்ளைகளுக்கு அவர் குறை வைக்கவில்லை, ஊரும் அவரைப் போகச் சொல்லவில்லை. விளைச்சல் குறைந்த தென்னையை வெட்டலாமா என்று கேட்டால், நிழலில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பதில் சொல்வார், காய் எண்ணுகிறவர் வேறு பதில் சொல்வார்.

வேறு மாதிரி விலகியவர் ஒருவரையும் பார்ப்போம். டெக்சாஸ் மாநிலத்தில் பிரவுன்வுட் என்ற சிற்றூர்ப் பள்ளியின் பயிற்சியாளர் கார்டன் வுட். பருத்தி விவசாயியின் மகன். பருத்திக் காட்டில் வளர்ந்தவர். 1960இல் பிரவுன்வுட்டுக்கு வந்த முதல் பருவத்திலேயே மாநிலப் பட்டம் வென்றார். மொத்தம் 396 வெற்றிகள் கண்டு, 1985இல் 71 வயதில் விலகினார். 2003இல் காலமானார். பிரவுன்வுட் வென்ற மாநிலப் பட்டங்கள் ஏழு. அந்த ஏழும் வுட் காலத்தவை. நல்ல வேளையில்தான் விலகினார், கெட்ட பெயர் இல்லாமல் விலகினார். இருந்தும் அவர் கைராசி அவரோடே போய்விட்டது. ஆகவே சீக்கிரம் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை.

தேயிலை சொல்லும் கதை

சம்மர்வில்லிலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நம் நீலகிரி விவசாயிகள் ஆர்வத்தோடு கேட்கக்கூடியது. 1888இல் சார்ல்ஸ் ஷெப்பர்ட் என்பவர் அந்த ஊரில் பைன்ஹர்ஸ்ட் என்ற தேயிலைத் தோட்டம் போட்டார். அமெரிக்காவில் தேயிலை வளராது என்று அதற்கு முன் பலர் கைவிட்டிருந்தார்கள். மலை இல்லாத கடற்கரைச் சமவெளியில் அவர் வளர்த்துக் காட்டினார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டி, அந்தப் பிள்ளைகளைக் கொண்டே கொழுந்து பறித்தார். அதை இன்று யாரும் நல்ல முறை என்று சொல்லமாட்டார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருடைய ஊலாங் தேயிலைக்கு முதல் பரிசு கிடைத்தது. 1915இல் ஷெப்பர்ட் இறந்தார். தொடர்ந்து நடத்த ஆள் இல்லை. தோட்டம் அப்படியே நின்றது. கவாத்து இல்லாத தேயிலை என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செடிகள் மரமாகிக் காட்டோடு காடாயின. சுமார் 48 ஆண்டுகள் கழித்து, 1963இல் லிப்டன் கம்பெனி அந்தச் செடிகளை வாட்மலா என்ற தீவுக்குக் கொண்டு போய் 127 ஏக்கரில் ஆராய்ச்சித் தோட்டமாக வைத்தது. 1987இல் அது வியாபாரத் தோட்டமாக மாறியது. இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். செடி தப்பியது, ஆனால் சம்மர்வில்லில் தப்பவில்லை.

பேரன் கைக்கு வந்தது

மெக்கிசிக் 2015இல் விலகியபோது அவருடைய இடத்துக்கு வந்தவர் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவின் கீழ் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். வேலை தெரியும், பிள்ளைகளைத் தெரியும், ஊரைத் தெரியும். தாத்தா உயிரோடு, ஊரிலேயே இருந்ததால் சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் இருந்தது. பெரியவர் கண்ணை மூடிய பிறகு கணக்குப் புத்தகத்தைத் தேடும் நிலை வரவில்லை. ஆனால் 621 வெற்றி பெற்றவரின் பேரன் என்ற சுமை சாதாரணமானதல்ல. முதல் தோல்வியிலேயே 'தாத்தா இருந்திருந்தால்' என்ற பேச்சு வந்துவிடும். தகப்பன் வைத்த தோப்பை மேற்கொண்டு பார்க்கும் மகன்களுக்கு இந்தப் பேச்சின் கசப்பு தெரியும். அண்டை வயல்காரர் வரப்பில் நின்று விசாரிப்பதே போதும்.

மெக்கிசிக் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 93ஆவது வயதில் காலமானார். பேரனும் சில பருவங்கள் நடத்திவிட்டு விலகிக் கொண்டார். இப்போது அந்தப் பொறுப்பு குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் இருக்கிறது. திடலுக்கு மட்டும் மெக்கிசிக் பெயர்தான். ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமைகளில் அங்கே விளக்கு எரியத் தொடங்கும்போது, அவரிடம் பயின்று நரைத்துப் போனவர்கள் பேரப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பலகையில் உட்காருகிறார்கள்.