காட்டுமுன் காத்துக்கொள்வோம்

தறியடியில் உழைப்பவருக்கே தொழிலின் குறை நன்கு புலப்படும். அதைப் போக்கும் வழியும் பலவேளை அவருக்கே தோன்றும். தெலுங்கானாவின் போச்சம்பள்ளிப் பட்டுக்குச் சாயக்கட்டுப் போடுமுன் நூலை முளைகளில் சுற்றி அமைக்கும் பணிக்கு 'ஆசு' என்று பெயர். ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கான முறை கை வீச வேண்டும். தம் தாயார் படும் தோள்வலியைக் கண்ட சிந்தகிந்தி மல்லேசம் என்னும் நெசவாளர், 1999-இல் அப்பணிக்கு ஓர் இயந்திரம் அமைத்து, தாயின் பெயரால் லட்சுமி ஆசு இயந்திரம் என்று அழைத்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

காப்புரிமை, அதாவது பேடண்ட், 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்படுவது. கண்ட பொருள் புதியதாகவும், துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும், தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். ஆண்டுக் கட்டணங்களை முறையாகச் செலுத்திவந்தால், விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகள் உரிமை நிலைக்கும்.

நம்மிற் பலர் செய்வது என்ன? கருவி அமைந்ததும் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுகிறோம். சந்தையில் இரண்டொன்று விற்றும் விடுகிறோம். பின்னர் விண்ணப்பித்தால், அது முன்பே ஊரறிந்த பொருளென்று தள்ளப்பட இடமுண்டு. பணமுள்ள வேறொருவர் அதையே செய்து விற்றாலும் நாம் கேட்க வழியிராது.

கருவி முற்றும் திருந்தட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. கருத்தை விளக்கித் தற்காலிக விவரணம் ஒன்றை முதலில் தாக்கல் செய்யலாம். அதில் விளக்கியவற்றுக்கு அந்த நாளே முந்துரிமை நாளாகும். 12 மாதங்களுக்குள் முழு விவரணம் அளிக்கத் தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்குத் தனியே மனுச் செய்தல் வேண்டும். தமிழ்நாட்டாருக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.

பயிரிடும் முறைக்கும் பயிர் வகைக்கும் இச்சட்டத்தில் காப்புரிமை இல்லை. புதிய பயிர் வகை கண்ட விவசாயி 2001-ஆம் ஆண்டுப் பயிர் வகைப் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம். சேலையின் புதுக் கோலத்துக்கு 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் உண்டு.

தனியொருவருக்கு எட்டாத செலவைச் சங்கம் ஏற்கலாம். உரிமையை எழுத்து மூலம் பெற்றுச் சங்கமே விண்ணப்பிக்கவும் கூடும். ஆயினும் கண்டறிந்தவர் பெயரை விண்ணப்பத்தில் மறைத்தலாகாது. உழைத்தவர் பெயர் நிலைத்து, பயன் அனைவருக்கும் சேர்வதே கூட்டுறவுக்கு அழகாகும்.