மேல்மலைப் பிள்ளைகளும் கோடிங்கும்

அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்துப் படித்து, இன்று முப்பதைத் தாண்டியவர்களைக் கேட்டால் முதலில் அந்த அறையின் வாசலைத்தான் சொல்வார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு கணினிக்கு நான்கைந்து பேர். ஒருவன் கீபோர்டு முன்னால் உட்காருவான், மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். அன்றைய பிளஸ் டூ பாடநூலில் ஒரு தொகுதி ஸ்டார் ஆபீஸ், இன்னொரு தொகுதி சி++. நிரலை மனப்பாடம் செய்துகொண்டு போய் செய்முறைத் தேர்வில் அப்படியே இறக்கி வைத்தவர்கள் ஏராளம்.

பழனி மலையில் அந்த அறையே பலருக்குத் தூரம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் மேல்மலை ஊர்களானாலும், காபியும் மலைவாழையும் விளையும் தாண்டிக்குடிப் பக்கத்துக் கீழ்மலையானாலும், மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். இதே மலையில்தான் 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக நிற்கிறது. அங்கே படித்தவர்களுக்குக் கிடைத்ததும் மலைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததும் ஒன்றாக இருந்ததே இல்லை.

கணினி விஷயத்தில் அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிறகு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. பிளஸ் டூவில் சி++ இருந்த இடத்துக்கு 2019-இல் பைத்தான் வந்தது. அதே ஆண்டு வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் இடம்பிடித்தது. அமெரிக்காவின் எம்ஐடி 2007-இல் வெளியிட்ட, வண்ணக் கட்டைகளை மவுஸால் இழுத்துக் கோத்து நிரல் எழுதும் மென்பொருள் அது. பிள்ளைகள் விளையாடிக் கற்பதற்கென்றே செய்தது. நம் ஊரில் அது பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சுருங்கிவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. எந்திரம் மாறியது. மனப்பாடம் மட்டும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் பள்ளி மணிக்கு வெளியே, ஊர்க்காரர்களே கூடி நடத்தும் பட்டறைகள் முக்கியம் என்கிறேன். அயர்லாந்தின் கார்க் நகரில் 2011-இல் தொடங்கிய கோடர்டோஜோ என்ற பிள்ளைகளுக்கான நிரல் பட்டறை தன்னார்வலர்களை வைத்து இலவசமாக நடப்பது. தமிழ்நாட்டில் விழுப்புரத்தின் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். ஆரோவில்லை ஒட்டிய உதவி, இசையம்பலம் பள்ளிகளில் 'ஸ்டெம் லேண்ட்' குழுவினரோடு சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் ஸ்கிராட்ச்சில் தாங்களே கணக்கு விளையாட்டுகள் செய்கிறார்கள்.

மேல்மலையிலும் இப்படியொரு பட்டறை நடத்தலாம். அங்கே மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போனாலும் வகுப்பு நடக்கும். முற்றத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். இன்னொரு பிள்ளை கட்டளை சொல்லட்டும்: பத்து அடி நட, வலது பக்கம் 90 டிகிரி திரும்பு, இதையே நான்கு முறை செய். சதுரம் வந்துவிடும். அடுத்து முக்கோணம் கேளுங்கள். கணக்குப் பாடத்தில் படித்த ஞாபகத்தில் "60 டிகிரி, மூணு தடவை" என்று பட்டென்று பதில் வரும். நடந்து பார்த்தால் கோடு மூடாது, அறுகோணத்தின் பாதிதான் கிடைக்கும். நடந்த பிள்ளை நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கும். உள்கோணம் 60 என்றால், நடப்பவர் திரும்ப வேண்டியது 120 என்று அந்த இடத்தில் பிள்ளைக்கே பிடிபடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1967-இல் பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் சேர்ந்த, கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் 'ஆமை'யைப் பிள்ளைகள் நகர்த்துவதும் இந்த முறையில்தான்.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சுவர் ஆங்கிலம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி அதை உடைக்கப் பார்த்தது. 2009-இலேயே அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. அதில் நிபந்தனையை முதலில் எழுதி, ஆங்கில if-க்கு ஈடான 'ஆனால்' என்பதைப் பின்னால் போட வேண்டும், நாம் பேசுகிற வரிசையிலேயே. வேலைக்குப் போகிறவனுக்கு எழில் சோறு போடாது என்பார்கள். இருக்கட்டும். பத்து வயதில் முதல் நிரலை எழுதுகிற பிள்ளைக்கு அது பயத்தைப் போக்கும். பைத்தானைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

பைத்தானுக்குத் தீனியும் இந்த மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. நூற்றாண்டைத் தாண்டிய அந்தப் படத் தொகுப்பை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினிமயமாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. மன்னவனூர்ப் பையன் ஒருவன் நாற்பது வரி எழுதி, படத்தில் கறுத்த புள்ளிகளை எண்ணி, ஆண்டுவாரியாக வரைந்து பார்க்கலாம். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை அவனே கண்டுபிடிப்பான். அதுவும் அவன் தாத்தா காலத்தில் தன் மலையிலேயே எடுத்த படத்திலிருந்து.

யார் சொல்லித் தருவது? 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வழிகாட்டியிருக்கிறது. அதே தெருவில் இருக்கும் படித்த அக்காக்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் எடுத்தார்கள். கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில், 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கணினி அறிவியல் படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை, நாலு மடிக்கணினி, கடைசி பஸ்ஸுக்குள் அவர்கள் திரும்பிப் போக ஏற்பாடு, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. பூண்டு பிடுங்கும் நாட்களில் பிள்ளைகள் தோட்டத்தில் இருப்பார்கள், அந்த மாதம் மட்டும் வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.