அடுப்பு மட்டும் மாறினால் ஓய்வாகுமா?



கடல் கடந்து வாழும் நம் பங்கு மக்கள் விடுமுறைக்குத் தாயகம் திரும்பும்போது, பங்குக் குருவின் இல்லத்திற்கும் ஒருமுறை வந்து போவது வழக்கம். அவ்வாறு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மோடு உரையாடிக் கொண்டிருந்தனர். தாய் மருத்துவமனையில் செவிலி. வாரத்தில் பாதி நாட்கள் இரவுப் பணி. தந்தைக்குப் பண்டகசாலையில் பகல் பணி. ஒருவர் வீட்டினுள் நுழையும் வேளையில் மற்றவர் வெளியேறும் வாழ்க்கை! ஓராண்டுக் காலம் சேமித்து, இரு பிள்ளைகளுடன் அந்நாட்டின் விடுமுறைக் கிராமம் ஒன்றில் நான்கு இரவுகள் தங்கினராம். எத்துணைக் குறைந்த செலவில் அதனை முடித்தோம் என்று தந்தை பெருமையோடு கணக்குச் சொன்னார். அரிசி முதல் மிளகாய்த் தூள் வரை வீட்டிலிருந்தே கொண்டு சென்றமையால், உணவகத்தின் வாயிற்படியையே மிதிக்கவில்லையாம்.

தாய் புன்னகையோடு குறுக்கிட்டார்: "எனக்கு அடுப்பு மட்டும்தான் மாறுச்சு, சாமி."

விளையாட்டாகச் சொல்லப்பட்ட அச்சொல் நம் உள்ளத்தில் தைத்தது. அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் சென்று, அவர்களோடு இத்தகைய கிராமங்களில் தங்கி வரும் பெற்றோர் நம்மிடையே உளர். ஆதலின், கொடுத்த பணத்திற்கு உரிய பலனை அங்கே பெறுவது எவ்வாறு என்று சற்றே சிந்திப்போம்.

விடுமுறைக் கிராமம் தோன்றிய கதை

1936-ஆம் ஆண்டு பில்லி பட்லின் என்பவர் இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் உள்ள ஸ்கெக்னஸ் என்னும் ஊரில் ஒரு விடுமுறை முகாமைத் திறந்தார். ஒரு வாரக் கூலியில் ஒரு வார விடுமுறை என்பதே அவரது விளம்பரம். 1938-ஆம் ஆண்டு பிறந்த ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் இத்தகைய முகாம்களுக்குப் பெருந்துணையாயிற்று. அங்கே மூன்று வேளை உணவும் பொது உணவுக் கூடத்தில் பரிமாறப்பட்டது. ஆண்டு முழுவதும் சமைத்துக் களைத்த தொழிலாளியின் மனைவி, அந்த ஒரு வாரம் கரண்டியைத் தொட வேண்டியதில்லை!

1968-இல் நெதர்லாந்து நாட்டில் பீட் டெர்க்சன் என்னும் வணிகர் வேறொரு வகையைத் தொடங்கினார். காட்டின் நடுவே சிறு சிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிற்கும் தனிச் சமையலறை. இதுவே பின்னர் சென்டர் பார்க்ஸ் என்னும் பெயரில் பரவி, 1987-இல் இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டிற்கும் வந்தது. டெர்க்சன் ஆழ்ந்த பற்றுடைய கத்தோலிக்கர். தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் திருச்சபையின் பணிகளுக்கு வழங்கியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. குடும்பம் தனித்து ஒன்றாயிருக்கத் தனி வீடு நன்றே. ஆயினும், வீட்டோடு அடுப்பும் திரும்பி வந்தது என்பதை மறத்தலாகாது!

பணத்தைக் காக்கும் வழிகள்

முதலாவது, நாளைத் தெரிந்து கொள்ளுதல். பள்ளி விடுமுறைக் காலத்தில் கட்டணம் மிக உயர்ந்து விடும். பள்ளி செல்லும் வயதை எட்டாத மழலைகள் மட்டும் உள்ள குடும்பத்தார், பள்ளி நடைபெறும் காலத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை செல்வதே அறிவுடைமை. பள்ளிப் பிள்ளைகளை அனுமதியின்றி நிறுத்தி அழைத்துச் சென்றால், இங்கிலாந்தில் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஒவ்வொரு பெற்றோருக்கும் அபராதம் விதிக்கப்படலாம். 2024 ஆகஸ்ட் முதல் 21 நாட்களுக்குள் செலுத்தினால் 80 பவுண்டு. தவறினால் 160 பவுண்டு. காய்ச்சல் என்று பொய்க் கடிதம் எழுதித் தப்புவோரும் உண்டாம். அவ்விடுமுறையில் பிள்ளை முதலில் கற்கும் பாடம் எதுவாக இருக்கும்?

இரண்டாவது, கட்டணத்தில் அடங்கியவற்றை முழுமையாகத் துய்த்தல். காட்டுப் பாதைகள், விளையாட்டுத் திடல், கூரையிட்ட பெரிய நீச்சல் குளம் ஆகியவற்றிற்குத் தனிக் கட்டணமில்லை. வில் வித்தை, படகு, மரமேறுதல் முதலியவற்றிற்கோ தனித்தனியே பணம் கட்ட வேண்டும். இவற்றில் பிள்ளைக்கு ஒன்று என்று வரையறுத்தல் நலம். மணிக்கொரு நிகழ்ச்சி என்று கட்டிவிட்டால், பணமும் போகும். கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதிலேயே பொழுதும் போகும். சொந்த மிதிவண்டியைக் கொண்டு சென்றால் வாடகை மிச்சம். முதல் நாள் வீட்டின் சாவி பிற்பகலில்தான் கிடைக்கும். ஆனால் காலையிலேயே வளாகத்தினுள் சென்று குளத்தில் நீந்தலாம். புறப்படும் நாளிலும் வீட்டைக் காலி செய்தபின் மாலை வரை தங்கலாம். இதனை அறியாதோர் இரண்டு அரை நாட்களை வீணே இழக்கின்றனர்.

தாயின் கணக்கு

எல்லாம் சரி, உணவு? அங்கே உணவகச் செலவு மிகுதி என்பது உண்மையே. ஆனால் அதை மிச்சம் பிடிக்கும்போது, அம்மிச்சம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? ஓய்வு நாள் பற்றிய கட்டளை, மகன், மகள், பணியாளர், கால்நடை, அந்நியர் என அனைவரையும் பெயர் சொல்லி ஓய்வுக்குள் அழைக்கிறது. மனைவியை மட்டும் தனியே குறிப்பிடவில்லை. கணவனுக்குச் சொன்னதே அவளுக்கும் சொன்னது என்பர் விளக்கம் கூறுவோர். நம் இல்லங்களிலோ, சொல்லாது விடப்பட்டவளாகவே அவளை நடத்துகிறோம்!

அன்று அத்தந்தையிடம் நாம் கூறியது இதுதான்: புறப்படும் முன்வாரமே கணவனும் மனைவியும் சேர்ந்து குழம்பு வகைகளைச் சமைத்து உறைய வைத்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே சோறு வடிப்பது தந்தையின் கடமை. மேசை துடைப்பதும் பாத்திரங்களைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமை. ஒரு மாலையேனும் உணவகத்தில் அமர்ந்து, பிறர் பரிமாற உண்ணுங்கள். அச்செலவை வில் வித்தையில் குறைத்துக் கொள்ளுங்கள்.

அவர் தலை கவிழ்ந்து கேட்டுக் கொண்டார்.

ஈராண்டு கழித்து அக்குடும்பம் மீண்டும் நம்மைக் காண வந்தது. அவர்கள் மறுமுறையும் அதே கிராமத்திற்குச் சென்றிருந்தனர். இம்முறை தந்தை கணக்கு எதுவும் சொல்லவில்லை. தாம் வடித்த சோறு முதல் நாள் குழைந்து விட்டதையும், பிள்ளைகள் அதைக் கேலி செய்து கொண்டே தின்று தீர்த்ததையும் சொல்லிச் சிரித்தார். தாயிடம், "இம்முறை எப்படி?" என்று வினவினோம்.

"காலையில பத்து மணி வரைக்கும் தூங்கினேன், சாமி. யாரும் எழுப்பல."