மிதித்ததும் திணறும் வி8: குற்றவாளி எந்தப் பக்கம்?

அமெரிக்காவில் 1960களின் வி8 கார்களை இன்றும் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினின் தலையில் நான்கு பேரல் கொண்ட ஹாலி கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். அதன் 4150 ரகம் 1957இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் வந்தது. இந்தக் கார்க்காரர்கள் ஓயாமல் சொல்லும் புகார் ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் வண்டி பாய்வதில்லை. அரை நொடி மூச்சு முட்டி நிற்கிறது, பிறகுதான் பிய்த்துக்கொண்டு போகிறது.

கார்புரேட்டர் பெட்ரோலைத் தானாகத் தள்ளிவிடுவதில்லை. வெஞ்சுரி எனும் குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலை மேலே இழுக்கிறது. திராட்டில் தட்டு சட்டென்று திறந்தால் காற்று உடனே உள்ளே புகுந்துவிடும். எடை கூடிய பெட்ரோல் பின்தங்கும். போதாக்குறைக்கு, மேனிஃபோல்டில் வெற்றிடம் சரிந்ததும் ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பகுதி திவலையாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் வெறும் காற்று. திணறல் இதுதான்.

நான்கு பேரல்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. சாதாரண ஓட்டத்துக்கு முன்னால் உள்ள இரண்டு பிரைமரிகளே போதும். 350 கன அங்குல வி8, அதாவது 5.7 லிட்டர் எஞ்சின், 5500 ஆர்.பி.எம்.மில் முழுக்கொள்ளளவும் நிரம்பினால்கூட நிமிடத்துக்குச் சுமார் 557 கன அடி காற்றைத்தான் விழுங்கும். 2000 ஆர்.பி.எம்.மில் அது 200ஐச் சற்றே தாண்டும். அந்த நிலையில் நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை விடும் கார்புரேட்டரின் நான்கு வாய்களையும் திறந்துவிட்டால் காற்றின் வேகம் விழுந்துவிடும், பெட்ரோலை இழுக்க விசை இருக்காது. ஆகவே வெற்றிடத்தால் இயங்கும் ரகங்களில் பின்னால் உள்ள இரண்டு செகண்டரிகளைத் திறக்கும் பொறுப்பு ஓட்டுநரின் காலிடம் விடப்படவில்லை. பிரைமரி வெஞ்சுரியின் உறிஞ்சல் ஒரு டயாபிரத்தை இழுக்க, அது ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறித் தட்டுகளைத் திறக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் பிரைமரிக்கு மட்டுமே உண்டு, செகண்டரிக்கு என்று தனியாக இதில் இல்லை. ஸ்பிரிங் இளைத்ததாக இருந்து தட்டுகள் முந்திக்கொண்டால், அந்தக் குறையை நிரப்பப் பெட்ரோல் பீய்ச்ச ஆள் கிடையாது.

திணறல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்காமல் ஸ்பிரிங் வாங்க ஓடுவது வீண் செலவு. செகண்டரி லீவர் திறக்காதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்தக் கட்டு பிரைமரி லீவரின் அசைவில் சிக்கிவிடக் கூடாது, கவனம். திணறல் அப்படியே இருந்தால் செகண்டரி நிரபராதி. மறைந்துவிட்டால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பானதாக மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குகளுக்கு நிற அடையாளம் உண்டு: வெள்ளை மிக மென்மை, கறுப்பு மிக விறைப்பு, மற்றவை இடையில்.

செகண்டரி எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க ஒரு பேப்பர் கிளிப் போதும். டயாபிரக் கூட்டிலிருந்து இறங்கும் கம்பியில் கிளிப்பை மாட்டி, கூட்டின் அடிப்பாகத்தைத் தொடும்வரை மேலே தள்ளிவிட வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில் முழு மிதியில் ஓர் ஓட்டம். கம்பி மேலே ஏறும்போது கூடு கிளிப்பைக் கீழே தள்ளியிருக்கும். கிளிப் நகர்ந்த தூரமே கம்பி ஏறிய தூரம். நின்ற வண்டியில் எஞ்சினை உறுமவிட்டுச் சோதிப்பதில் பயனில்லை. சுமை இல்லாத எஞ்சின் செகண்டரியைத் திறக்கும் அளவுக்குக் காற்று இழுக்காது. கிளிப் அசையவே இல்லையென்றால் டயாபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது கூடு பொருந்தும் இடத்தில் இருக்கவேண்டிய சின்ன கார்க் கேஸ்கெட் விழுந்துபோயிருக்கலாம்.

செகண்டரி வேகமாகத் திறக்கட்டும் என்று டயாபிரத்துக்குப் போகும் வெற்றிடப் பாதையில் உள்ள குட்டிக் குண்டை எடுத்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டுகள் நிதானமாகத் திறந்து சட்டென்று மூட அந்தக் குண்டுதான் காரணம். அதை எடுப்பது கைவைத்தியமல்ல, கெடுத்தல்.

மிதித்த அந்தக் கணமே திணறினால் பிரைமரி பம்பைச் சந்தேகியுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, லீவரை மெல்ல அசைத்தபடி உள்ளே எட்டிப் பாருங்கள். லீவர் அசைந்த உடனேயே இரண்டு பெட்ரோல் தாரைகள் பீய்ச்ச வேண்டும். தாமதித்தால் பம்ப் லீவரின் தளர்வைச் சரிசெய்ய வேண்டும். முழுத் திறப்பில், டயாபிரத்தை அடியோடு அழுத்திய நிலையில், லீவருக்கு இன்னும் சுமார் 0.015 அங்குல இடைவெளி மிஞ்சினால் போதும். பீய்ச்சும் முனையில் 31 என்று பொறித்திருந்தால் அதன் துளை 0.031 அங்குலம். மிதிக்கும்போது கார்புரேட்டர் வழியாக இருமினால் ஒரு அளவு பெரிய முனை போடலாம். புகைக்குழாயில் கரும்புகை வந்தால் சிறியது.

நம்மூர் பைக்குகள் பலவற்றில் இருந்த சி.வி. கார்புரேட்டரின் ஸ்லைடும் இந்தச் செகண்டரியைப் போலவே வெற்றிடத்தால்தான் ஏறி இறங்கும். அதில் டயாபிரம் கிழிந்தாலும் வண்டி இப்படித்தான் இழுவையின்றித் தவிக்கும்.

ஒரு வார்த்தை: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதற்கும் முன்னால் பிளக், பாயிண்ட், டைமிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தீப்பொறி தாமதமாக விழும் எஞ்சினில் எந்த ஸ்பிரிங்கும் திணறலைத் தீர்க்காது.