ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை: போனது பிராசஸரா, மதர்போர்டா?

ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சாரலைத் தூவும். அருவியில் குளிக்க வருபவர்களுக்கு அது சுகம். லாட்ஜில் பில் போடும் கம்ப்யூட்டருக்கும், ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டருக்கும் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் ஃபேன் அந்த ஈரக்காற்றைத்தான் இழுக்கிறது. ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியோடு ஈரம் சேரும்போது ரேம், ஸ்லாட் போன்ற இடங்களின் உலோக முனைகளில் பாசி போல ஒரு படலம் பிடிக்கும். சீசன் முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜ் இன்னொரு தொல்லை.

அப்புறம் சர்வீஸ் கடையில் வழக்கமாகக் கேட்கும் பேச்சுதான். "அண்ணாச்சி, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை." "போர்டு போயிருக்கும் தம்பி. இல்லைன்னா பிராசஸரா இருக்கும்."

இந்த 'இல்லைன்னா'வில்தான் பணம் இருக்கிறது. தவறாகக் கணித்தால், நல்ல பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே பொருளைப் புதிதாக வாங்க வேண்டிவரும். பழைய கம்ப்யூட்டர் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். நான்காம் தலைமுறை கோர் ஐ5 பிராசஸருக்குப் பொருந்தும் மதர்போர்டைப் பெரிய நிறுவனங்கள் இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லை. போர்டு போனது உறுதியானால் பிராசஸர், ரேம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற நேரிடலாம்.

எது அதிகம் பழுதாகும்?

பொதுவாக மதர்போர்டுதான். பிராசஸர் என்பது மூடிய உலோகத் தகட்டுக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு. சூடு எல்லை மீறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். மதர்போர்டில் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட், சாக்கெட், ஸ்லாட் என நூற்றுக்கணக்கான உறுப்புகள் திறந்தவெளியில் இருக்கின்றன. ஈரம், தூசி, வோல்டேஜ் ஏற்றம் எல்லாம் முதலில் தாக்குவது அவற்றைத்தான். 2000களின் தொடக்கத்தில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்து, உலகம் முழுக்க ஏராளமான மதர்போர்டுகள் வீணானது பலருக்கும் நினைவிருக்கும்.

அதற்காக பிராசஸர் போகவே போகாது என்று சொல்லிவிட முடியாது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம் நின்றுபோவது, கம்ப்யூட்டர் உறைந்துபோவது போன்ற புகார்கள் குவிந்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போவதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் மூலம் திருத்தம் வந்தது. வாரண்டியும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சேதமான பிராசஸரை அந்த அப்டேட் சரிசெய்யாது. மாற்றத்தான் வேண்டும்.

முதலில் மற்றவற்றை விலக்குங்கள்

பிராசஸர், போர்டு இரண்டையும் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

மானிட்டர் கேபிளைப் பாருங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளை மதர்போர்டில் சொருகினால் படம் வராது; கிராபிக்ஸ் கார்டில்தான் சொருக வேண்டும்.

அடுத்து ரேம். கழற்றி, தங்க நிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் இல்லாமல் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்கள். சாரல் காலத்தில் வரும் 'டிஸ்ப்ளே இல்லை' புகார்களில் கணிசமானவை இதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகு காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அதைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டினால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். புது பேட்டரி 3 வோல்ட் காட்டும்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6க்குள்ளும், 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25க்குள்ளும் இருக்க வேண்டும்.

பீப் சத்தம் சொல்லும் சேதி

இனி முக்கியமான சோதனை. போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடையில் தனியாகக் கிடைக்கும். ரேம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் பீப் என்று சத்தம் வந்தால் நல்ல சேதி. ரேம் இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட பயாஸ் ஓட வேண்டும். பயாஸை ஓட்டுவது பிராசஸர். ஆக, பிராசஸரும் போர்டும் அடிப்படையில் உயிரோடு இருக்கின்றன. பிரச்சினை ரேமிலோ, ரேம் ஸ்லாட்டிலோ, கிராபிக்ஸிலோ இருக்கலாம்.

சத்தமே இல்லை என்றால் சந்தேகம் பிராசஸர், போர்டு இரண்டின் மேலும் விழும். புதிய போர்டுகளில் பீப்புக்குப் பதிலாக சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். 'சிபியு' விளக்கு நின்று எரிந்தால் பிராசஸர் போச்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிராசஸரிடமிருந்து பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் வயர் சரியாக மாட்டாமல் இருந்தாலும் அதே விளக்குதான் எரியும்.

இன்னொரு அறிகுறியும் உண்டு. ஆன் செய்ததும் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. அந்த 8 பின் வயரை மட்டும் கழற்றினால் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. அப்படியென்றால் போர்டில் சாக்கெட்டை ஒட்டியிருக்கும் விஆர்எம் பகுதியில் ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு ஏற்றபடி சுமார் 1 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது இந்தப் பகுதிதான்.

மாற்றிப் பார்ப்பதில் ஒரு கண்ணி

கடைசி முடிவு மாற்றிப் பார்த்தால்தான் கிடைக்கும். ஆனால் எதை எதில் மாட்டுகிறோம் என்பது முக்கியம். சந்தேகத்துக்குரிய பிராசஸரை நல்ல போர்டில் மாட்டிப் பார்ப்பதே பாதுகாப்பானது. கெட்ட பிராசஸர் நல்ல போர்டைக் கெடுப்பது அபூர்வம்.

இதைத் தலைகீழாகச் செய்வதில்தான் ஆபத்து. விஆர்எம்மில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் 1 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயலாம். சோதித்துப் பார்க்க மாட்டிய நல்ல பிராசஸரும் அதோடு போய்விடும். "இன்னொரு பிராசஸர் போட்டுப் பார்த்தோம், அதுவும் வேலை செய்யலை" என்று சொல்வதற்குப் பின்னால் சில நேரம் இதுதான் நடந்திருக்கும்.

நல்ல போர்டில் மாட்டும் முன், அந்தப் போர்டின் பயாஸ் அந்தப் பிராசஸரை ஏற்குமா என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் பயாஸ் பழையதாக இருந்தால் டிஸ்ப்ளே வராது. டிடிஆர்5 ரேம் உள்ள போர்டு முதல்முறை ஆன் ஆகச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் அணைத்துவிடக் கூடாது.

கடைக்குப் போகும்போது

பெட்டியில் அடைத்து விற்கும் பிராசஸர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி உண்டு. பல மதர்போர்டுகளுக்கும் அப்படித்தான். பில்லைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் பின் வளைந்திருந்தால் வாரண்டி கிடைக்காது என்பதால், கொடுப்பதற்கு முன் சாக்கெட்டைத் திறந்து தெளிவாகப் படம் எடுத்து, பிளாஸ்டிக் மூடியைப் போட்டே கொடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் பிராசஸரை வேற நல்ல போர்டுல போட்டுப் பார்த்தீங்களா, அண்ணாச்சி?" பார்த்தேன், ஓடுது என்றால் போர்டை மட்டும் மாற்றினால் போதும். பார்க்கவில்லை என்றால், பார்த்துச் சொல்லும் வரை எதையும் வாங்க வேண்டாம்.