கொற்கைக் கடல் எங்கே போனது?

கொற்கைக்குப் போய்க் கடலைத் தேடினால் கிடைக்காது. வயலும் வாழையும்தான் கண்ணுக்குத் தெரியும். சங்ககாலப் பாண்டியரின் துறைமுகம், கிரேக்கர்கள் ‘கொல்கி’ என்று குறித்துவைத்த முத்து நகரம், இன்று கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கடலை அவ்வளவு தூரம் தள்ளியதில் பெரும்பங்கு தாமிரபரணிக்கு உண்டு. அது எப்படி என்று பார்க்கப் பொதிகை மலை ஏற வேண்டும்.

பொதிகையின் சிகரமான அகத்தியர் மலை 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதையொட்டிய காட்டில், பூங்குளம் என்ற இடத்தில் தாமிரபரணி பிறக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த மலைக்குக் கிடைக்கும். பெய்யும் மழையை மண் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. வற்றாத ஆறு என்று பெயர் வாங்கியது இதனால்தான்.

பாணதீர்த்தத்தில் அருவியாக விழுந்து, காரையாறு அணையில் தேங்கி, அகஸ்தியர் அருவியைத் தாண்டிப் பாபநாசத்தில் தரைக்கு வருகிறது. ஆற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். ஆனால் இறக்கத்தின் பெரும்பகுதி பாபநாசம் வருவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. திருநெல்வேலி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 50 மீட்டர்தான்.

இறக்கம் குறைந்தால் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் சுமக்கும் பலமும் போய்விடும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்கிறது நீரியல் கணக்கு. வேகம் பாதியானால் இதே கணக்கு தலைகீழாகும். அதனால் ஆறு தன் சுமையை வழிநெடுகத் தரம் பிரித்து இறக்குகிறது. மலைக்குள் யானை யானையாகப் பாறைகள், பாபநாசம் பக்கம் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள், நெல்லையில் மணல், ஏரலைத் தாண்டினால் விரலில் மாவாக ஒட்டும் வண்டல்.

வழியில் சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு எல்லாம் வந்து சேர்கின்றன. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியில் கலக்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் நீரைக் கால்வாய்களுக்குப் பிரித்துவிடுகின்றன. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை.

வெள்ளத்தின் பலத்தை நெல்லைக்காரர்கள் நன்றாகவே அறிந்தவர்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். வெள்ளம் மோதும் பக்கத்தைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள்; வரும் நீர் இரண்டாகப் பிரிந்து போய்விடும். வெள்ளம் ஏறினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார்.

கடைசியில் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடா. கடல் நீர் எதிர்கொள்ளும் இடத்தில் ஆறு ஏறக்குறைய நின்றே போகிறது. அதுவரை கைவிடாமல் கொண்டுவந்த நுண்ணிய வண்டல் அங்கே படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு படிந்து முகத்துவாரம் தூர்ந்தது. கரை கிழக்கே நகர்ந்தது. துறைமுகமும் கூடவே நடந்தது. கொற்கை தூர்ந்தபின், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ எழுதிய காயல் தலையெடுத்தது. அதுவும் தூர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து தங்கியது புன்னைக்காயலில்.

இன்று வண்டலில் ஒரு பங்கு மலையடிவார அணைகளிலேயே தங்கிவிடுகிறது. மணலை அள்ளியதில் பல இடங்களில் படுகை பள்ளமாகிவிட்டது. கடலோரம் போய்ச்சேர வேண்டிய மண் குறைந்தால், கரையை அரிக்கக் கடலுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரல் பக்கம் போனால் ஆற்றில் வெள்ளம் செம்மண் நிறத்தில் கலங்கிப் போகும். அழுக்குத் தண்ணீர் என்று முகம் சுளிக்காதீர்கள். கொற்கை வயல்கள் அப்படி வந்து சேர்ந்தவைதான்.