தாடைக் குமிழ்த் தேய்வு
தாடைக் குமிழ்த் தேய்வு என்பது தாடைத் திருத்த அறுவைக்குப் பின் சிலருக்கு ஏற்படும் மூட்டு மாற்றம் ஆகும். கீழ்த்தாடையின் மேல்முனைக் குமிழும் மண்டையோட்டுக் குழியும் பொருந்துமிடமே தாடை மூட்டு.

திரவுனர், ஓப்வெகேசர் ஆகியோர் 1957-இல் வெளியிட்ட முறையில் கீழ்த்தாடை இருபுறமும் நெடுக்காகப் பிளக்கப்பட்டு, பற்களைத் தாங்கும் பகுதி நகர்த்தப்படுகிறது. மூட்டில் கத்தி படுவதே இல்லை. ஆயினும் குமிழின் மீதான சுமை மாறுகிறது. பெரும்பாலோரில் எலும்பு அதற்கேற்பத் தன்னைச் சீரமைத்துக்கொள்ளும். சிலரில் குமிழ் கரைந்து சிறுக்கிறது. சிறிய கீழ்த்தாடை வெகுவாக முன்னகர்த்தப்பட்ட இளம்பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

மாதங்கள் கழித்துத் தாடை பின்வாங்கி, முன்பற்களிடையே இடைவெளி தோன்றும். வலி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே எளிதில் கவனம் தப்பிவிடும். கதிர்ப்படங்களை ஒப்பிட்டே இதனை உறுதிசெய்கின்றனர். தேய்வு நிற்குமுன் மறு அறுவை செய்தால் தாடை மீண்டும் நகரக்கூடும்.